கர்ப்பத்துக்கு முன்னாடி எக்சர்சைஸ்: ஆபீஸ் போற பொண்ணுங்களும் அவங்க எச்ஆரும் திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். வாரத்துல ரெண்டு நாள் ஓஎம்ஆர் பக்கம் ஐடி ஆபீஸுங்களுக்கும், ஒரு நாள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கும் போறேன். கழுத்து வலி, முதுகு வலின்னுதான் வருவாங்க, ஆனா அஞ்சு நிமிஷம் ஆனதும் கதவ ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டு "அக்கா, இன்னொண்ணு கேக்கணும்"னு ஆரம்பிப்பாங்க. அந்த இன்னொண்ணு பாதி நாள் இதுதான். அதே நாள் மத்தியானம் எச்ஆர் கூப்பிட்டு வேற மாதிரி அதையே கேப்பாங்க. எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சுட்டா நல்லாருக்கும்னு தோணுச்சு. கேள்விங்கள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அக்கா, இன்னும் ஒண்ணுமே ஆகல, அதுக்குள்ள எதுக்கு எக்சர்சைஸ்? ஆனதுக்கப்புறம் பண்ணா போதாதா?

ஆனதுக்கப்புறமும் பண்ணலாம், பண்ணணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, நாள் தள்ளிப் போயி, கார்டு வாங்கி டெஸ்ட் பண்ணி, டாக்டர பாக்கறதுக்குள்ள ஆறு ஏழு வாரம் ஓடிடும், அப்புறம் வாந்தி, மயக்கம், சாம்பார் தாளிக்கற வாசனையே ஆகாது, அந்த நேரத்துல போயி வாழ்க்கையில மொத தடவயா நடக்க ஆரம்பின்னா யாரு ஆரம்பிப்பா? முன்னாடியே பழகின கால்தான் அப்பவும் நடக்கும்.

இன்னொரு காரணம் சுகர். நம்ம ஊர்ல கர்ப்ப கால சுகர் ரொம்ப சாதாரணமாயிடுச்சு, அதனாலதான் ஆரம்ப சுகாதார நிலையத்துல கூட 75 கிராம் குளுக்கோஸ் தண்ணி குடிக்க வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுக்கறாங்க, 140-அ தொட்டா அது கணக்குல வரும். 2011-ல பல ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்ததுல, கர்ப்பத்துக்கு முன்னாடி நல்லா உடம்ப அசைச்சவங்களுக்கு, கொஞ்சமும் அசைக்காதவங்கள விட இந்த சுகர் வர்ற வாய்ப்பு பாதிக்கும் மேல கம்மியா இருந்துச்சு, கர்ப்பம் ஆனப்புறம் ஆரம்பிச்சவங்களுக்கும் பலன் இருந்துச்சு ஆனா அவ்ளோ இல்ல. இது கவனிச்சுப் பாத்த கணக்கு, கேரண்டி கார்டு இல்ல. தினமும் நடந்தவங்களுக்கும் சுகர் வரும், அதுக்கு அவங்க மேல பழி போடக்கூடாது.

சரி எவ்ளோ பண்ணணும்? ஒரு நம்பர் சொல்லுங்க, அது போதும்.

வாரத்துக்கு 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்னது 150-லருந்து 300 வரைக்கும், கூடவே வாரத்துல ரெண்டு நாள் தசைக்கு பலம் குடுக்கற மாதிரி ஏதாவது. அஞ்சு நாள், நாளுக்கு அரை மணி நேரம்னு வெச்சுக்கோங்க. முன்ன எல்லாம் ஒரே மூச்சுல பத்து நிமிஷமாவது பண்ணாதான் கணக்குன்னு சொல்லிட்டு இருந்தாங்க, இப்போ அத எடுத்துட்டாங்க, அஞ்சு நிமிஷம் படி ஏறினாலும் கணக்குதான்.

வேகம் எப்படி தெரியும்னா, நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. ஃபோன்ல அம்மாகிட்ட கதை பேசிட்டே நிதானமா நடக்கறீங்கன்னா அது உலாத்தறது, தப்பில்ல, ஆனா இதுல சேராது. பலத்துக்கு ஜிம் வேணும்னு இல்ல, பத்து பத்தா மூணு தடவ தோப்புக்கரணம், செவுத்துல கை வெச்சு தள்றது, ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி ரொப்பி தூக்கறது, இதுவே ஆரம்பத்துக்கு நெறைய.

வீட்ல எல்லா வேலையும் நான்தான் பண்றேன், காலைல அஞ்சு மணிக்கு எழுந்தா ராத்திரி பதினொண்ணு. இது எக்சர்சைஸ் இல்லையா?

கொஞ்சம் கோவமாத்தான் கேப்பாங்க, கோவத்துல நியாயம் இருக்கு. துடைக்கறது, துணி அலசறது, தண்ணிக் குடம் தூக்கறது எல்லாம் அசைவுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அடுப்பு முன்னாடி ஒன்றரை மணி நேரம் நிக்கறதும் சிங்க்ல குனிஞ்சு பாத்திரம் தேய்க்கறதும் இதயத்துடிப்ப ஏத்தாது, இடுப்பத்தான் புடிக்கும். களைப்பு வேற, உடற்பயிற்சி வேற.

இந்த கேள்விக்கு நான் பதில் சொல்றது பாதிதான். மீதி பதில வீட்ல இருக்கற மத்தவங்க சொல்லணும், காலைல அரை மணி நேரம் தோசைக்கல்ல யாரு பாத்துக்கறதுன்னு.

நான் தி.நகர்ல துணிக்கடையில வேலை செய்றேன், நாள் பூரா நின்னுட்டேதான் இருக்கேன். நானும் தனியா நடக்கணுமா?

நீங்க மொதல்ல உக்காரணும். பத்து பன்னெண்டு மணி நேரம் நிக்கறது பயிற்சி இல்ல, கால்ல நரம்பு சுருட்டிக்கும், பாதம் வீங்கும். வேலையில படற உடல் உழைப்பும், நம்ம இஷ்டத்துக்கு நம்ம வேகத்துல பண்ற பயிற்சியும் உடம்புல ஒரே மாதிரி வேலை செய்யறதில்ல, ஏன்னா முதல்ல சொன்னதுல நடுவுல ஓய்வே கெடையாது. 2021-ல தமிழ்நாட்டுல கடைகள் நிறுவனங்கள் சட்டத்த திருத்தி, ஊழியருக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடியே 2018-ல வந்துடுச்சு. ஃபேக்டரிக்கு 1948-லருந்தே சட்டத்துல நின்னு வேலை செய்றவங்களுக்கு உக்கார வசதி வேணும்னு இருக்கு. ஸ்டூல் இருக்கு, உக்காந்தா மொறைக்கறாங்கன்னா அது ஸ்டூல் இல்ல, ஷோகேஸ்.

சட்டம் இருக்கட்டும், நீங்க வீட்டுக்குப் போனதும் பத்து நிமிஷம் கால செவுத்துல தூக்கி வெச்சு படுங்க. லீவு நாள்லயும் காலைல கடை திறக்கறதுக்கு முன்னாடியும் மெதுவா நடக்க ஆரம்பிச்சா போதும். மேல சொன்ன 150-அ மொத மாசமே எட்டணும்னு இல்ல.

எத்தன மாசம் முன்னாடி ஆரம்பிக்கணும்?

மூணு மாசம் இருந்தா நல்லது, ஆறு மாசம் இருந்தா இன்னும் நல்லது. நெறைய பேருக்கு அந்த டைம் இருக்காது, அதுக்காக நாளைக்கு ஆரம்பிக்கறது வீண் இல்ல.

அதோட ஒரு தடவ டாக்டர பாத்து ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, பிபி பாத்துடுங்க, ருபெல்லா தடுப்பூசி பத்தியும் கேட்டுக்கோங்க, அது போட்டா ஒரு மாசம் தள்ளித்தான் ட்ரை பண்ணணும். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் கர்ப்பத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும், சுகர் இருக்கறவங்களுக்கு, வலிப்பு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு எல்லாம் டோஸ் அதிகம், அத டாக்டர்தான் சொல்லணும். ஹீமோகுளோபின் 12-க்கு கீழன்னா ரத்தசோகை. நம்ம மாநிலத்துல 2019-21 குடும்ப நல கணக்கெடுப்புல பாதிக்கு மேல பொண்ணுங்களுக்கு இருந்துச்சு. "ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, எனக்கு ஸ்டாமினாவே இல்ல அக்கா"ன்னு வருவாங்க, டெஸ்ட் பாத்தா 8.5 இருக்கும். அவங்களுக்கு வேண்டியது ட்ரெட்மில் இல்ல, இரும்புச்சத்து.

ஸ்கிப்பிங் ஆடினா கர்ப்பப்பை இறங்கிடும்னு மாமியார் சொல்றாங்க. உண்மையா?

இல்ல. கர்ப்பப்பைய புடிச்சு வெச்சிருக்கற தசையும் நாரும் ஸ்கிப்பிங் கயிறுல அறுந்து போற அளவுக்கு லேசு இல்ல. கர்ப்பப்பை இறங்கறதுக்கு பெரிய காரணம் பிரசவங்கள், வயசு, வருஷக்கணக்கா மலச்சிக்கல், இருமல், அதிக எடை, இந்த மாதிரி. மாமியார் காலத்துல பிரசவம் ஆன பத்தாவது நாள் கெணத்துல தண்ணி சேந்தினவங்க இருந்தாங்க, அவங்களுக்கு இறங்கினத கண்ணால பாத்திருப்பாங்க, பயம் அங்கருந்து வருது. அவங்கள சிரிச்சு தள்ளாதீங்க.

குதிக்கும்போது சிறுநீர் கசியுதுன்னா மட்டும் கவனிக்கணும், அது இடுப்புத்தள தசை பலவீனமா இருக்கறதுக்கு அறிகுறி. யூரின் போயிட்டு இருக்கும்போது நடுவுல நிறுத்துற மாதிரி ஒரு இறுக்கம் இருக்கும்ல, அந்த தசைதான். யூரின் போகும்போதே இத ப்ராக்டிஸ் பண்ணாதீங்க, எந்த தசைன்னு தெரிஞ்சுக்கத்தான் சொன்னேன். சும்மா உக்காந்திருக்கும்போது இறுக்கி அஞ்சு எண்ணி விடுங்க, பத்து தடவ, நாளுக்கு மூணு வேளை. மீட்டிங்ல உக்காந்தே பண்ணலாம், ஒருத்தருக்கும் தெரியாது.

எக்சர்சைஸ் பண்ணா உடம்பு சூடாகி கரு தங்காதுன்னு சொல்றாங்களே?

வேகமா நடந்து வேர்க்கறதுல கருவ பாதிக்கற அளவுக்கு சூடு ஏறாது. காய்ச்சல் மாதிரி 39 டிகிரி செல்சியஸ தாண்டறதுதான் ஆகாது. அதனால நீராவி ரூம், ரொம்ப சூடான தொட்டிக் குளியல், அக்னி நட்சத்திர மத்தியானத்துல ஓடறது, இத மட்டும் தவிருங்க. சென்னை புழுக்கத்துல காலைல ஆறரைக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம் ஆறுக்கு மேல. பப்பாளி பத்தி என்கிட்ட கேக்காதீங்க, அது தனி சண்டை.

எனக்கு பிசிஓடி. வெயிட் குறைச்சுட்டு வான்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ரெண்டு மாசமா நடக்கறேன், ஒரு கிலோ கூட குறையல.

வெயிங் மெஷின ஒரு மாசம் பரண்ல போடுங்க. பிசிஓடி-ல, அதாவது முட்டைப்பை நீர்க்கட்டின்னு சொல்றாங்களே அதுல, பெரிய பிரச்சனை இன்சுலின் சரியா வேலை செய்யாதது, நடக்கறதும் பளு தூக்கறதும் அதுலதான் நேரா கை வைக்குது, எடை குறையலன்னாலும். எடை குறையறதுலயும் மொத்தமா இருபது கிலோ தேவையில்ல, 80 கிலோ இருக்கறவங்க 4 கிலோ, அதாவது 5 சதவீதம் குறைஞ்சாலே நெறைய பேருக்கு பீரியட்ஸ் ஒழுங்காகி முட்டை வெளிய வர ஆரம்பிக்கும். நம்மளுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற கணக்கு, 23-லயே எடை அதிகம், இடுப்புச் சுத்தளவு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும், அதனால இஞ்ச் டேப்ப வெச்சுப் பாருங்க, அது மெஷின விட சீக்கிரம் நல்ல சேதி சொல்லும்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், பீரியட்ஸ் வரலன்னா கர்ப்பம் ஆகாதுன்னு நெனச்சுக்காதீங்க. முட்டை எப்போ திரும்ப வர ஆரம்பிக்கும்னு தெரியாது, இப்போ வேணாம்னா தடுப்பு வேணும். எடை குறையட்டும்னு வருஷக்கணக்கா காத்திருக்கவும் வேணாம், 35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம், 35-க்கு மேலன்னா ஆறு மாசம் ட்ரை பண்ணியும் ஆகலன்னா டாக்டர்கிட்ட போங்க. பிசிஓடி-ல பீரியட்ஸே ஒழுங்கா இல்லன்னா அதுக்கும் முன்னாடியே.

நான் ஒல்லி, வாரத்துக்கு அம்பது கிலோமீட்டர் ஓடறேன். எனக்கு பிரச்சனையே இல்லல்ல?

பீரியட்ஸ் ஒழுங்கா வருதா? அதுக்கு பதில் ஆமான்னா கொஞ்சம் நிம்மதி. டென்மார்க்ல குழந்தைக்கு ட்ரை பண்ணிட்டு இருந்த கிட்டத்தட்ட 3,600 பொண்ணுங்கள தொடர்ந்து பாத்து 2012-ல வெளியிட்டாங்க. வாரத்துக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கடுமையா பண்ணவங்களுக்கு கர்ப்பம் ஆக அதிக நாள் ஆச்சு, எடை அதிகமா இருந்தவங்கள தவிர. ஆனா நடை மாதிரி மிதமானத பண்ணவங்களுக்கு எடை எதுவா இருந்தாலும் சீக்கிரமே ஆச்சு.

விஷயம் ஓட்டத்துல இல்ல, ஓடற அளவுக்கு சாப்பிடறீங்களாங்கறதுல. எரிக்கற சக்திக்கு தட்டுல சோறு பத்தலன்னா உடம்பு மொதல்ல நிறுத்தற கடை இனப்பெருக்கம். பீரியட்ஸ் மூணு மாசம் வரலன்னா மெடல எல்லாம் வெச்சுட்டு டாக்டர பாருங்க.

வெயிட் குறைக்கற ஊசி போட்டுட்டு இருக்கேன், அதோட எக்சர்சைஸும் பண்றேன். அடுத்த மாசம் ட்ரை பண்ணலாமா?

இல்ல. செமாகுளூட்டைட் ஊசிய கர்ப்பத்துக்கு குறைஞ்சது ரெண்டு மாசம் முன்னாடி நிறுத்தணும்னு அதோட குறிப்புலயே போட்டிருக்கு. டிர்செபடைட் ஊசி வாய் வழியா சாப்பிடற கருத்தடை மாத்திரையோட வேலைய குறைக்கும், அதனால "மாத்திரைதான் சாப்பிடறேனே"ன்னு நம்பிட்டு இருக்காதீங்க. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்ட நேராவே சொல்லிடுங்க, "குழந்தைக்கு பிளான் பண்றோம்"னு. நெறைய பேர் அவங்ககிட்ட இத சொல்றதே இல்ல. ஊசிய நிறுத்தினா எடை திரும்பி வரும், அப்போ கைல இருக்கறது நீங்க பழகின நடையும் தோப்புக்கரணமும்தான்.

எல்லாம் எனக்கே சொல்றீங்க. வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்லையா?

இருக்கு. ஒரு விந்தணு உருவாக ரெண்டரை மாசம் கிட்ட ஆகும், அதனால அவரும் இன்னைக்கு ஆரம்பிச்சாதான் மூணு மாசம் கழிச்சு பலன். அதே நடை, அதே 150. சிகரெட்ட விடணும். முக்கியமா, ஜிம்ல சீக்கிரம் உடம்பு ஏறணும்னு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஸ்டீராய்டு எதாவது எடுக்கறாரான்னு கேளுங்க, அது விந்தணு உற்பத்திய அப்படியே நிறுத்திடும், சில பேருக்கு பூஜ்யம் ஆயிடும், திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். கை பெருசாகும், கவுண்ட் சின்னதாகும். வெளிய பாத்தா சினிமா ஹீரோ மாதிரி இருக்கறவரு ரிப்போர்ட்ட கைல வெச்சுட்டு அழுதத நான் பாத்திருக்கேன்.

ட்ரை பண்ற மாசத்துல, முட்டை வெளிய வந்த நாளுக்கப்புறம் படுத்தே இருக்கணுமா? ஐவிஎஃப்னா?

சாதாரணமா ட்ரை பண்றவங்க, ஐயூஐ (விந்தணுவ நேரா கர்ப்பப்பைக்குள்ள செலுத்தறது) பண்ணவங்க வழக்கம் போல நடக்கலாம். ஐவிஎஃப்ல (கருவ வெளிய உருவாக்கி உள்ள வெக்கற சிகிச்சை) ஊசி போட்டு முட்டைங்கள வளக்கற அந்த ரெண்டு வாரம் மட்டும் வேற, முட்டைப்பை பெருசாகி கனமா இருக்கும், குதிச்சா, உடம்ப முறுக்கினா அது திருகிக்கற ஆபத்து உண்டு. அப்போ ஓட்டம், ஸ்கிப்பிங், முறுக்கற ஆசனம் வேணாம், நிதானமான நடை போதும். கரு வெச்சதுக்கப்புறம் பெட்ல அசையாம படுக்கறதால பலன் இல்லன்னு தெளிவாயிடுச்சு. பாத்ரூம் போனா கரு விழுந்துடும்னு ஒருத்தங்க பயந்து உக்காந்திருந்தாங்க, பாவம். விழாது.

ஒரு தடவ கலைஞ்சிடுச்சு. அந்த வாரம் ஜிம் போனேன். அதனாலயா அக்கா?

இல்லம்மா. தெரிய வந்த கர்ப்பங்கள்ல நூத்துக்கு பத்துலருந்து இருபது வரைக்கும் கலையுது, அதுல பாதி கிட்ட குரோமோசோம் கோளாறு, கரு உருவானப்பவே முடிவானது. நீங்க படி ஏறினதோ டம்பெல் தூக்கினதோ அத மாத்தியிருக்காது. "நான் என்ன பண்ணேன்"னு தேடும்போது கைக்கு சிக்கறது ஜிம்தான், அதனால அது மேல பழி விழுது.

ரத்தப்போக்கு நின்னு, டாக்டர் சரின்னதும் நடைய ஆரம்பிக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு: பேறுகாலச் சட்டப்படி கருச்சிதைவு ஆனாலும் ஆறு வாரம் சம்பளத்தோட லீவு உண்டு, டாக்டர் சான்று குடுக்கணும், முந்தின ஒரு வருஷத்துல 80 நாள் வேலை பாத்திருக்கணும். இது தெரியாம மூணு நாள் சிக் லீவு போட்டுட்டு நாலாவது நாள் லேப்டாப் முன்னாடி உக்காந்தவங்கதான் நான் பாத்ததுல அதிகம். எச்ஆருக்கே தெரியாத எடமும் இருக்கு.

(இதுக்கு மேல பெரும்பாலும் எச்ஆரும் மேனேஜருங்களும் கேட்டது.)

மேடம், எங்க ஆபீஸ்லயே ஏசி ஜிம் இருக்கு. லேடீஸ் யாரும் போக மாட்டேங்கறாங்க. இன்ட்ரஸ்ட் இல்லையா?

உங்க ஜிம் எப்போ தொறந்திருக்கு? காலைல ஆறு டு எட்டு, சாயங்காலம் ஆறு டு ஒம்பது. காலைல ஆறு டு எட்டு அவங்க டிபன் பாக்ஸ் கட்டிட்டு இருப்பாங்க. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு கேப் கெளம்பிடும், விட்டா சோழிங்கநல்லூர் சிக்னல்ல சொந்த காசுல ஆட்டோ. மீதி நேரம் ரூம் பூட்டி கெடக்கு. ஆறு மணிக்கு உள்ள எட்டிப் பாத்தா இருபது ஆம்பளைங்க, அதுல ரெண்டு பேர் அவங்க டீம் லீடு. குளிக்க எடம் இல்ல, வேர்வையோட கிளையன்ட் காலுக்கு உக்காரணும்.

இன்ட்ரஸ்ட் இல்லன்னு சொல்லாதீங்க, நேரம் இல்ல. மத்தியானம் மூணு டு நாலரை பொண்ணுங்களுக்குன்னு தொறங்க, கதவு போட்ட ஒரு குளியலறை, ரெண்டு ஹேர் டிரையர் வைங்க. புது மெஷின் ஒண்ணு கூட வேணாம்.

நாங்க பன்னெண்டு பேர் இருக்கற சின்ன கம்பெனி, அண்ணா நகர்ல ஒரு மாடி. எங்ககிட்ட பட்ஜெட் இல்ல.

பட்ஜெட் வேணாம். சாயங்காலம் நாலு டு நாலரை எல்லார் காலண்டர்லயும் மீட்டிங் வைக்கக்கூடாதுன்னு ஒரு பூட்டு போடுங்க, ஆம்பளைங்களுக்கும் சேத்து. நடக்கறவங்க நடக்கட்டும், டீ குடிக்கறவங்க குடிக்கட்டும். ஸ்லைடு இல்லாத ரெண்டு பேர் பேச்ச நடந்துட்டே பேசுங்க, டவர் பார்க் பக்கத்துலதானே. மொதலாளி நீங்களே அந்த நாலு மணிக்கு எழுந்திரிக்கணும், அது ரொம்ப முக்கியம், நீங்க சீட்லயே இருந்தா ஒருத்தரும் எழ மாட்டாங்க, நாலு மணி பூட்டு வெறும் அலங்காரமாயிடும்.

படிக்கட்ட ஒரு தடவ போய்ப் பாருங்க. பெரிய ஐடி பார்க்குல கூட படிக்கட்டுல லைட் எரியாது, பழைய சேர் அடுக்கி வெச்சிருப்பாங்க, ஒரு பக்கம் பூட்டு. லைட் போட்டு கூட்டி வெச்சாலே ஏறுவாங்க. ஆஸ்பத்திரிக்கு போக காலைல ரெண்டு மணி நேரம் பர்மிஷன், காரணம் கேக்காம, இதுவும் காசு இல்லாத விஷயம். முட்டை வளர்ச்சி ஸ்கேன் எடுக்கறவங்க ஒரே மாசத்துல நாலு தடவ போக வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் பொய் சொல்ல வெக்காதீங்க. நேரத்துக்கு வெளியிலயும் வழி இருக்கு, 2023 நவம்பர்ல அரசு ஆரம்பிச்ச நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்துல ஒவ்வொரு மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை குறிச்சு வெச்சிருக்காங்க, ஊழியருங்களுக்கு அத சொல்லலாம்.

எங்களது ஃபேக்டரி, மூணு ஷிஃப்ட். நாலு மணி பூட்டெல்லாம் இங்க நடக்காது.

நடக்காது, ஒத்துக்கறேன். இங்க மொதல்ல ஷிஃப்ட் அட்டவணை. வாரா வாரம் மாத்தறத விட்டு, குறைஞ்சது ஒரு மாசத்துக்கு ஒரே ஷிஃப்ட், முன்கூட்டியே எழுதி ஒட்டினா, அந்தப் பொண்ணு தூங்கற நேரத்தையும் நடக்கற நேரத்தையும் முடிவு பண்ணிக்கலாம். ராத்திரி ஷிஃப்ட் மாறி மாறி வந்தா பீரியட்ஸ் தாறுமாறாகறது எல்லாருக்கும் இல்லன்னாலும் நெறைய பேருக்கு உண்டு. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்தவங்கள காலைல ஓடச் சொல்லாதீங்க, தூங்கட்டும்.

அடுத்தது பாத்ரூம். சிரிக்காதீங்க. லைன்ல டோக்கன் வாங்கிட்டுத்தான் போகணும்னா தண்ணியே குடிக்க மாட்டாங்க, தண்ணி குடிக்கலன்னா யூரின் இன்ஃபெக்ஷன், தலைவலி, அப்புறம் எக்சர்சைஸ் பத்தி பேசி என்ன. நான் போற எடத்துல ஷிஃப்ட் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், நடுவுல அஞ்சு நிமிஷம் லைன நிறுத்தி எல்லாரும் கை கால் நீட்டறாங்க, மொத வாரம் வெக்கப்பட்டு சிரிச்சாங்க, இப்போ மைக்ல பாட்டு வரலன்னா கேக்கறாங்க. அந்த அஞ்சு நிமிஷத்த டார்கெட்லருந்து கழிச்சுடணும். கழிக்காம வெச்சா அது பயிற்சி இல்ல, தண்டனை.

ஸ்டெப் சாலஞ்ச் வெச்சோம், செம ரெஸ்பான்ஸ், பரிசு கூட குடுத்தோம். இது நல்ல ஐடியாதானே?

மொத வாரம் நல்லாருக்கும். ரெண்டாவது வாரம் ஃபோன குழந்தை கைல குடுத்து ஓட விடுவாங்க. அது கூட பரவால்ல. எனக்கு கவலை பேர் போட்ட அந்த ரேங்க் லிஸ்ட். தினமும் பன்னெண்டாயிரம் அடி நடந்த பொண்ணு திடீர்னு ஒரு வாரம் ரெண்டாயிரம்னா ஆபீஸ் முழுக்க "என்ன, விசேஷமா?"ன்னு கண்ணடிக்கும். விசேஷம் இல்ல, மேல சொன்னேனே கலைஞ்சது, அதுவா கூட இருக்கலாம். வைக்கணும்னா டீம் மொத்தக் கணக்கா வைங்க, தனி ஆள் எண்ணிக்கை யார் கண்ணுலயும் படக்கூடாது, உங்க கண்ணுலயும்.

மேனேஜ்மென்ட் கேக்கறாங்க: இதுல கம்பெனிக்கு என்ன ரிட்டர்ன்?

நேர்மையா சொல்லணும்னா, வகுப்பு, ஆப், போஸ்டர்னு வாங்கினா பெருசா ஒண்ணும் இருக்காது. அமெரிக்காவுல ஒரு பெரிய கடைத்தொடர்ல 160 கிளை, கிட்டத்தட்ட 33,000 ஊழியர வெச்சு குலுக்கல் முறையில பிரிச்சு ஒண்ணரை வருஷம் பாத்தாங்க, 2019-ல வெளியாச்சு. வெல்னெஸ் ப்ரோக்ராம் இருந்த எடத்துல "நான் எக்சர்சைஸ் பண்றேன்"னு சொன்னவங்க அதிகம், ஆனா பிபி, கொழுப்பு, எடை, மருத்துவச் செலவு, லீவு, எதுலயும் வித்தியாசம் இல்ல. நான் இதே தொழில்ல இருக்கேன், இத சொன்னா எனக்கே வருமானம் போகும், இருந்தாலும் உண்மை அதுதான்.

அதனாலதான் ப்ரோக்ராம் விக்காம நேரத்தப் பத்தியே பேசறேன். நேரம் குடுத்தா அவங்க உடம்புல எவ்ளோ மாறும்னு என்னால நம்பர் குடுக்க முடியாது. ரிட்டர்ன் எக்செல்ல வந்தாதான் ஸ்டூல் போடுவேன்னு சொல்ற மேனேஜ்மென்ட்டுக்கு என்கிட்ட எக்செல் இல்ல.

குழந்தைக்கு பிளான் பண்ற லேடீஸுக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு ப்ரோக்ராம் வெச்சா? பேர் குடுக்கச் சொல்லி?

எண்ணம் நல்லதுதான், ஆனா தயவு செஞ்சு வேணாம். நல்ல மனசுல எடுத்த அந்த லிஸ்ட், ஏப்ரல்ல அப்ரைசல் வரும்போது யாரோட மனசுலயோ இருக்கும். "இவங்க எப்படியும் ஆறு மாசத்துல லீவுல போயிடுவாங்க"ன்னு ஆன்சைட் வேற ஆளுக்கு போகும், யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க. 26 வார லீவு, கர்ப்பத்தால லீவுல இருக்கும்போது வேலையவிட்டு எடுக்கக்கூடாதுங்கற பாதுகாப்பு எல்லாம் கர்ப்பம் ஆனதுக்கப்புறம் பேசற சட்டம். நெனச்சுட்டு இருக்கற பொண்ணுக்கு அது ஒண்ணும் பண்ணாது. இன்டர்வியூலயே "கல்யாணம் ஆயி எத்தன வருஷம்"னு கேக்கற ஊர்ல அவ ஏன் பேர் குடுக்கணும்?

எல்லாருக்கும் குடுங்க. நாப்பத்தஞ்சு வயசுக்காரருக்கு பிபி, இருபத்தஞ்சு வயசுப் பையனுக்கு முதுகு, அவளுக்கு அவ காரணம். கூட்டத்தோட கூட்டமா அவ நடந்துட்டு வரட்டும். ஹெல்த் செக்கப் வெச்சாலும் ரிப்போர்ட் அவங்க கைக்கு மட்டும் போகணும், கம்பெனிக்கு எத்தன பேர் வந்தாங்கங்கற எண்ணிக்கை போதும்.

அக்கா, நான் மேனேஜர்கிட்ட நேரம் கேக்கணும். காரணம் சொல்லாம எப்படி கேக்கறது?

"டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்காங்க, நாலு டு நாலரை எனக்கு கால் வைக்காதீங்க, மீதி நேரத்துல முடிச்சுடறேன்." இவ்ளோதான். பொய்யும் இல்ல, முழுக்கதையும் இல்ல. "எதுக்கு, என்ன பிரச்சனை"ன்னா "ஒண்ணுமில்ல சார், உடம்புக்காகத்தான்"னு சிரிச்சுட்டு நிறுத்திடுங்க, விளக்கம் குடுக்க ஆரம்பிச்சா முடியாது. மெயில்ல ஒரு வரி போட்டு வைங்க. பக்கத்து சீட்டு ஆள ஒருத்தர கூட சேத்துக்கிட்டு ரெண்டு பேரா கேட்டா இன்னும் சுலபம்.

என் டீம்ல ஒரு பொண்ணு தினமும் நாலு மணிக்கு நடக்கப் போவாங்க, ரெண்டு வாரமா போறதில்ல. அக்கறையிலதான், என்ன ஆச்சுன்னு கேக்கலாமா?

கேக்காதீங்க. நல்ல சேதியா இருந்தா மூணு மாசம் ஆனப்புறம் ஸ்வீட் பாக்ஸோட வருவாங்க. கெட்ட சேதியா இருந்தா, உங்க கேபின்ல நின்னுட்டு அத சொல்ல வேண்டிய நெலமைய நீங்க உண்டாக்க வேணாம். வெறும் டெட்லைனா கூட இருக்கலாம், அத ஒரு தடவ நீங்களே பாத்துக்கோங்க, நாலு மணிக்கு புதுசா எதாவது ரிவ்யூ கால் போட்டு வெச்சிருக்கீங்களான்னு. போட்டிருந்தா மாத்துங்க. அவங்க போகலன்னாலும் காலண்டர்ல அந்த அரை மணி நேரத்த அப்படியே விட்டு வைங்க.